பூஜையில் வைத்த கத்தி

இதை எழுத உட்கார்ந்து எழுத முடியாமல் எழுந்துபோய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ஒரு வரியும் வராது. லேப் வேலைக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சாக்கும் இல்லை. போன மாதம் நம் ஆஸ்பத்திரி லேபில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலு பேரும் படப்பை வீட்டுக்கு வந்து, "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டீர்கள். நான் காபி போட்டுக் கொடுத்து, பழைய மைக்ராஸ்கோப் கதைகளைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டேன். அன்று மறைத்ததை இப்போது எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஒரு வருஷ லேப் சர்டிபிகேட், அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கள் பெரிய டாக்டர் கற்றுக்கொடுத்தது. அவர் பேரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் விடுகிறேன். ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டுகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினைக் காட்டி, வந்த முதல் வாரமே அவர் சொன்னது: "ஃபார்மலின்ல துண்டு முழுகிடுச்சின்னு நிம்மதியா போயிடாதீங்க. மருந்து உள்ள போவணும். வந்த உடனே நடுவுல கீறுங்க. நான் இல்லன்னாலும் கீறுங்க. அந்த அளவுக்கு உங்களுக்கு அனுமதி உண்டு."

முழு மாங்காயை உப்பில் போட்டால் தோல்தானே ஊறும், பிளந்து போட்டால்தான் உப்பு உள்ளே இறங்கும் என்று நானே புரிந்துகொண்டேன். பன்னிரண்டு வருஷம் அதைத் தவறாமல் செய்தேன். பதின்மூன்றாம் வருஷம் ஆயுத பூஜை வந்தது.

ஒரகடம் பக்கம் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி வாசலெல்லாம் வாழைமரம், ரோடெல்லாம் உடைந்த பூசணிக்காய். எங்கள் லேபிலும் பூஜை உண்டு, அதை எடுத்துச் செய்வது எப்போதும் நான்தான். அந்த வருஷம் வெள்ளிக்கிழமை. காலையில் குளித்துவிட்டு வந்து மெஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் மனைப்பலகை போட்டு, பெரிய கத்தி, கத்தரி, ஃபோர்செப்ஸ், பிரிக்காத பிளேடு டப்பா என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். பொரி, கடலை, சுண்டல் வைத்துக் கற்பூரம் காட்டினேன். பெரிய டாக்டர் ஊருக்குப் போயிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வாளி வந்தது. சென்னையிலிருந்து வரும் சர்ஜனுக்கு அன்றைக்குத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. ஒரு பெண்ணின் இடது மார்பகம் முழுவதும், அக்குள் நெறிக்கட்டிகளோடு. நெறிக்கட்டிகள் தனியாகச் சின்ன பாட்டிலில். பெரிய துண்டு வாளியில், ஃபார்மலினில் முழுகி.

என்னோடு வேலை பார்த்தவள் ஸ்டெல்லா. என் வயதுதான். மணிமங்கலம் பக்கத்திலிருந்து வருவாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச் தவறாதவள். வாளியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா பண்றது இப்ப? கீறணுமே."

"கத்தி பூஜைல கீது, பாக்கல? நாளைக்குக் காலைல புனர்பூஜை முடிச்சிட்டு எடுக்கறேன்."

"நீ தொட வேணாம். நான் தொடறேன். எனக்குத்தான் பூஜை இல்லையே."

"பூஜை கத்திக்குடீ. உனக்கும் எனக்கும் இல்ல."

"சரி, புது பிளேடு ஒண்ணு பிரிச்சிக்கறேன்."

"அதுவும் வச்சாச்சு."

"ஏன், அந்த வாளிக்கும் ஒரு பொட்டு வச்சிடேன்" என்று சொல்லிவிட்டு அவள் சுண்டலை எடுத்துத் தின்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாமி விஷயத்துல கிண்டல் பண்ணாத" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். "கிண்டல் இல்ல. ஒரு பொம்பளையோட விஷயம் அது. நாளைக்கு நிச்சயமா வர்றல்ல?" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். லேபுக்குப் பொறுப்பு நான். எனக்கு மேல் அவள் பேச முடியாது.

மறுநாள் லேபுக்கு லீவு, நான் மட்டும் போவதாகப் பேச்சு. போகவில்லை. காலையில் என் தம்பி குடும்பத்தோடு வந்து நின்றான். அவன் மகனுக்கு விஜயதசமியில் அட்சரம் எழுத வைக்கக் கோயிலுக்குப் போனோம், பிறகு சாப்பாடு, பிறகு பேச்சு. நடுவில் இரண்டு தடவை வாளி ஞாபகம் வந்தது. ஃபார்மலினில்தானே இருக்கிறது, கெட்டா போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஞாயிறு.

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் ஷேர் ஆட்டோவில் போய், புனர்பூஜை செய்து கத்தியை எடுத்துக் கீறினேன். ஓரம் கெட்டியாக, வெளுத்துப் போயிருந்தது. நடுவில், கட்டி இருக்கும் இடத்தில், கொழகொழவென்று இருந்தது. வாடை வேறு. வேக வேகமாக ஏடு ஏடாகக் கீறி, புது ஃபார்மலின் ஊற்றி மூடினேன். ரிஜிஸ்டரில் 'கீறிய நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரை என்று எழுதினேன். எழுதும்போது பேனா ஒன்றும் மக்கர் பண்ணவில்லை. நன்றாகவே எழுதிற்று.

தப்பு நடந்துவிட்டது, அதை யார் வேண்டுமானாலும் மன்னிக்கலாம். ஆனால் அந்த ஒரு கட்டம் இருக்கிறதே, அது நான் தெரிந்து செய்தது.

பத்து நாள் கழித்து ரிசப்டர் ஸ்லைடுகள் தயாராயின. நீங்கள் புதியவர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டியின் செல்லில் ஹார்மோன் ரிசப்டர் இருந்தால் அதன் நடுவில் பழுப்பு நிறம் ஏறும். அப்படி ஏறினால் அந்தப் பெண்ணுக்கு வருஷக்கணக்கில் தினம் ஒரு மாத்திரை உண்டு. ஏறாவிட்டால் அந்த மாத்திரை இல்லை, வேறு வைத்தியம் மட்டும்தான். ஆகவே நாம் ஏற்றும் நிறம் வெறும் நிறம் இல்லை. அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல பால் சுரப்பிகளிலும் அங்கங்கே நிறம் ஏறியிருக்க வேண்டும். அங்கேயும் ஏறவில்லை என்றால் அந்த ஸ்லைடு நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துண்டைச் சரியாகப் பதப்படுத்தவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது.

அந்த ஸ்லைடை முதலில் பார்த்தது நான். கட்டியில் நிறம் இல்லை. ஓரத்தில் நல்ல சுரப்பி நாலைந்து இருந்தது. அதிலும் இல்லை.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "பக்கத்துல நார்மல் டக்ட்டுலயும் கலர் எடுக்கலையேம்மா. வந்த உடனே கீறினீங்களா?"

"கீறியாச்சு சார்."

"அன்னிக்கு பூஜையாச்சே."

"ரிஜிஸ்டர்ல இருக்கு சார்."

அவர் ரிஜிஸ்டரைப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க சொன்னா சரி. எதுக்கும் இன்னொரு தடவ போடுங்க" என்றார். துண்டை மெழுகில் பதித்து வைத்த அதே பிளாக்கிலிருந்து திரும்பவும் சீவிப் போட்டேன். வேறு பிளாக் எடுத்திருக்கலாம். நெறிக்கட்டி பாட்டில் சின்னது, அதில் இருந்தவை நன்றாகப் பதமாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதில் நிறம் ஏறி இதில் ஏறாவிட்டால் 'ஏன்?' என்று கேள்வி வரும். இரண்டாம் தடவையும் வெளுப்பாகவே வந்தது. சாயத்தைச் சோதிக்க நாம் கூடவே போடும் பழைய துண்டில் நிறம் பளிச்சென்று இருந்தது. அவர் ரிசப்டர் நெகடிவ் என்று கையெழுத்துப் போட்டார். அவர் நம்பியது ஸ்லைடை அல்ல, என் பன்னிரண்டு வருஷத்தை.

ரிப்போர்ட் வாங்க அந்தப் பெண்ணே வந்தாள். அஞ்சலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைப்பாக்கத்துக்காரி, நாற்பது வயது இருக்கும். காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் வேலை, கான்ட்ராக்ட். தலையில் ஸ்கார்ஃப், கையில் கம்பெனி ஐடி கார்டு. கவுண்டரில் நான் இருந்தேன்.

"அக்கா, இங்க நெகடிவ்னு போட்டுக்கீதே. நெகடிவ்னா நல்லதுதான? எங்க வூட்டுக்காரரு நல்லதுன்றாரு."

பக்கத்தில் நின்ற கணவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் கிட்ட காட்டுங்கம்மா. அவரு சொல்லுவாரு."

"சொல்லுவாரு. நீங்க சொன்னா இன்னாக்கா, ஒரு நல்ல வார்த்த" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம். நான் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெண் பேருக்கு நெய்விளக்கு ஏற்றினேன். ஆடியில் கூழ் ஊற்றினேன். ஒரு வேளை விரதம் இருந்தேன். அம்மனிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். டாக்டரிடம் மட்டும் சொல்லவில்லை. அம்மனுக்கு அது முன்னமே தெரியும். தெரியாதவர் அவர்தான். அவரிடம் சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் வேறு பிளாக் எடுத்திருப்பார். என் பக்தி அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஈடாகவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் மேல்படிப்புப் படிக்கும் ஒரு சின்ன டாக்டரம்மா எங்கள் லேபுக்கு வந்தார். பழைய மார்பகப் புற்றுநோய் பிளாக்குகளை எடுத்து 'ஸ்ட்ரெஸ் புரோட்டீன்' என்று ஒன்றைப் பார்க்க வேண்டும், அது ரிசப்டரோடு எப்படிச் சேர்ந்து வருகிறது என்று ஆராய்ச்சி. எனக்குப் புரிகிற மாதிரி கேட்டேன்.

"செல்லுக்கு ஏதாச்சும் நெருக்கடி வந்தா, சூடு, காத்து இல்லாம போறது, மருந்தோட விஷம், எதுவா இருந்தாலும், அது தன்னைக் காப்பாத்திக்க ஒரு புரோட்டீனைக் கூடுதலா செய்யும்கா. மத்த புரோட்டீன் கலைஞ்சு போகாம தாங்கிப் பிடிக்கும். புத்துநோய் செல்லும் அதே வித்தைய வச்சிக்கினு பொழச்சிக்குது" என்றார். கஷ்டம் வந்தால் செல்கூடத் தாங்கிப் பிடிக்க ஆள் வைத்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எடுத்த பிளாக்குகளில் அஞ்சலையினுடையதும் ஒன்று. நான்தான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. 'இது இல்லை, தொலைந்துவிட்டது' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எப்படியோ சொல்லாமல் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் அம்மன் என் வாயைப் பிடித்தாள் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

ஒரு வாரம் கழித்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தபடி கூப்பிட்டார்.

"அக்கா, இத பாருங்களேன். ஸ்ட்ரெஸ் புரோட்டீன் நல்லா வருது. நான் பாத்த வரைக்கும் இவ்ளோ தூக்கலா இருக்கற கேஸ்ல ரிசப்டரும் பாசிடிவ்வா இருந்துச்சு. இதுல நெகடிவ்னு இருக்கு. சட்டம் ஒண்ணும் இல்ல, தனியாவும் வரலாம். ஆனா பழைய ரிசப்டர் ஸ்லைடப் பாத்தேன். நார்மல் டக்ட்டும் வெளுப்பா கீதே?"

"ஆமாம்மா."

"அந்த ரிசப்டர் ரொம்ப மென்மையானது. துண்டு சரியா பதப்படலன்னா முதல்ல போறது அதுதான். இந்த கேஸ் எப்படி வந்துச்சுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்குமா?"

ஸ்டெல்லா அடுத்த மேஜையில் இருந்தாள். தலையைத் தூக்கவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். இரண்டரை வருஷமாகவே காத்திருந்திருக்கிறாள்.

"எனக்கு இருக்கு" என்றேன். நேராக எழுந்து பெரிய டாக்டர் ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி, வாளி, தம்பி வந்தது, ரிஜிஸ்டர். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் உங்க கிட்ட கேட்டேனேம்மா" என்றார். அவ்வளவுதான். பிறகு, "நெறிக்கட்டி பிளாக் எடுங்க" என்றார்.

நெறிக்கட்டியில் பரவியிருந்த கட்டியின் செல்களில் நிறம் ஏறியது. பழுப்பு என்றால் அப்படி ஒரு பழுப்பு. கண்ணை வைத்தவள் எடுக்க முடியாமல் அழுதேன்.

திருத்திய ரிப்போர்ட் போட்டு, புற்றுநோய் டாக்டருக்கு அன்றே போன் செய்தார்கள். அஞ்சலைக்கு நாலு மாதமாக முதுகுவலி என்றும், ஸ்கேனில் முதுகெலும்பில் பரவியிருப்பது தெரிந்தது என்றும் அவர் சொன்னார்.

அவளிடம் சொல்லும்போது நானும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பெரிய டாக்டர் வேண்டாம் என்றார், பிறகு சரி என்றார். அவளும் கணவரும் வந்து உட்கார்ந்தார்கள். முதுகுவலிக்குப் பெல்ட் கட்டியிருந்தாள். டாக்டர் நிதானமாக விளக்கினார். பிறகு நான் என் வாயால் சொன்னேன். பூஜை என்றதும் அவள் நிமிர்ந்தாள்.

"எந்த பூஜ? ஆயுத பூஜையா?"

"ஆமாம்மா."

"எங்க கம்பெனிலயுந்தான் பூஜ போட்டாங்க. பூசணிக்கா ஒடச்சி, பொரி குடுத்து, மத்தியானமே லைன ஓட்டிட்டாங்க. அவசர ஆர்டருன்னு ஓவர்டைம் வரைக்கும் பாத்துக்கினு போனதா எங்க லைன் பொண்ணுங்க சொன்னாங்க. கார்ல போற ஒயருக்கே சாமி ஒண்ணும் சொல்லலியேக்கா. எனக்கு மட்டும் இன்னா சொல்லிடப் போவுது?"

அவள் கணவர், "வுடு அஞ்சல" என்றார்.

"நீ சும்மா இரு. அன்னிக்கு இவங்ககிட்ட நெகடிவ்னா நல்லதான்னு கேட்டேன்யா. மூஞ்சிய பாத்து கேட்டேன்." பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "சார், அந்த மாத்திரய அப்பவே போட்டிருந்தா இது வந்திருக்காதா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. வராமலும் இருந்திருக்கலாம், வந்தும் இருக்கலாம். ஆனா உங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பாதுகாப்பு கிடைக்கல. அது எங்க தப்பு."

வந்தும் இருக்கலாம் என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். பல பேர் எனக்கு அந்தச் சமாதானம் சொன்னார்கள். ஆனால் தெரியாமல் போனதற்கும் காரணம் நான்தானே. அவளுக்கு உறுதியாக ஒரு பதில்கூட இல்லாமல் செய்துவிட்டேன்.

அன்று முதல் அவளுக்கு மாத்திரை ஆரம்பித்தது. முதுகுவலி குறைந்தது. பெல்ட்டைக் கழற்றினாள். கம்பெனி வேலைக்குப் போக முடியவில்லை, ஆனால் வீட்டு வேலை செய்தாள், மகளைக் கட்டிக் கொடுத்தாள். நாலு வருஷம் அப்படி இருந்தாள். அந்த நாலு வருஷத்தைப் பார்க்கப் பார்க்க, முன்னால் போன இரண்டரை வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. மருந்து கேட்கிற நோய் அது, கொடுக்கத்தான் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் விசாரணை நடந்தது. என்னை ஒரு வருஷம் ரத்தப் பரிசோதனைப் பக்கம் மாற்றினார்கள். அது போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது. கீறிய நேரத்துக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போடும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். இப்போது ஏன் இரண்டு கையெழுத்து என்று நீங்கள் முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். இதுதான் காரணம்.

பூஜையை நான் விடவில்லை. விடவும் மாட்டேன். கும்பிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போட்டது நான். அம்மன் எனக்கு அப்படி ஒரு உத்தரவும் போடவில்லை. நல்ல கத்தி ஒன்றும் பிளேடு ஒன்றும் வெளியிலேயே இருக்கட்டும், மற்றதை வைத்துக் கும்பிடுங்கள். தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். டாக்டர் கேட்டால் ரிஜிஸ்டரைக் காட்டாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். உங்களுக்குக் கீழே இருக்கிறவர் 'நான் செய்யறேன்' என்று வந்தால், எதற்காக வேண்டாம் என்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அஞ்சலையைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அவள் பேருக்கு விளக்கு ஏற்றுவதை முன்னமே அவளிடம் சொல்லியிருந்தேன். மெலிந்து போயிருந்தாள். பேச்சு மட்டும் குறையவில்லை.

"இன்னாக்கா, இன்னும் வெளக்கு ஏத்திக்கினுதான் இருக்கியா எனக்கு?"

"ஏத்தறேன்மா."

"ஏத்து. ஆனா அத்த வுட ஒரு வேல பண்ணு. உனக்கப்புறம் வர்ற புள்ளைங்க கிட்ட இத சொல்லு. எம் பேர மட்டும் போடாத, எம் மாப்ள வூட்ல படிப்பாங்க."

"சொல்றேன்."

"முழுசா சொல்லணும். லீவு நாளு, ஆள் இல்லன்னு மழுப்பாத."

அதற்குப் பிறகும் நான் சொல்லாமல் இத்தனை வருஷம் இழுத்தேன். இப்போது சொல்லிவிட்டேன். அவள் கேட்டபடி பேரை மாற்றியிருக்கிறேன். வேறு எதையும் மாற்றவில்லை. நாளைக்கு உங்களுக்குக் கீழே ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு ஒரு வரியையும் குறைக்காதீர்கள், கதை நன்றாக இருக்கட்டும் என்று ஒரு வரியையும் கூட்டாதீர்கள். ரிஜிஸ்டரில் பொய் எழுதினவள் வயதானவள், பாவம், என்று யாராவது சொன்னால், அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது, பார்வை நன்றாக இருந்தது, எல்லாம் தெரிந்தே செய்தாள் என்று சொல்லுங்கள்.